ரெசினில் பிழைக்கும் சின்னக் கார்கள்

1:24, 1:25 அளவு மாதிரிக் கார்களின் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் உலோக அச்சுக்குச் செலவு அதிகம். ஆயிரக்கணக்கில் விற்காத காரென்றால் பெரிய நிறுவனங்கள் தயங்கும். அந்தக் குறையைத் தீர்ப்பது ரெசின். கையால் செய்த மூலத்தின்மீது சிலிகோன் ரப்பர் ஊற்றி அச்செடுத்து, இரு திரவங்களைக் கலந்து வார்க்கிறார்கள். ரப்பர் அச்சு நெடுநாள் தாங்காது, ஆனால் மலிவு. மறக்கப்பட்ட பல கார்கள் இப்படித்தான் மேசைக்கு வருகின்றன.

பாகத்தை முதலில் சோப்பு நீரில் கழுவுங்கள்; அச்சிலிருந்து பிரிக்கப் பூசிய பொருள் மிஞ்சியிருந்தால் பெயின்ட் ஒட்டாது. வளைந்ததை வெந்நீரிலிட்டு நிமிர்த்தலாம். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை இங்கே பயன்படாது; சூப்பர் குளூ அல்லது எபாக்சி வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி அணிந்து, நீர் தொட்ட உப்புத்தாளால் தேயுங்கள். பொம்மைக் கார்தானே என்ற அலட்சியம் வேண்டாம்.