பேலட் கட்டையில் முத்திரை பாருங்க

மக்குரப் பெட்டி, கோழிக்கூடு என்று எதைச் செய்யவும் நம்மவர்கள் இப்போது பழைய பேலட் கட்டையை வாங்கி வருகிறார்கள். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் சரக்கு சுமந்த மரச்சட்டம் அது. மரம் வீணாகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் முத்திரையைப் பார்த்து வாங்குங்க.

மரத்தோடு பூச்சியும் நாடு தாண்டிப் போகக் கூடாது என்று 2002-இல் உலக அளவில் விதி வந்தது. கதிர்ப் படம் போட்ட முத்திரையில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. மருந்து கிடையாது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. மண்ணிலுள்ள உயிரைக் கொல்ல வெளிநாடுகளில் வயலுக்கே போட்ட நஞ்சு அது. வாயுதானே, ஆறிப் போயிருக்கும் என்பார்கள். நம்ம உரப்பெட்டிக்கு அந்தச் சோதனை எதுக்கு?

எச்.டி. இருந்தாலும், மேலே என்ன ஏற்றினார்கள் என்று முத்திரை சொல்லாது. எண்ணெய்க் கறை, மருந்து வாடை இருந்தா விட்டுடுங்க.

பிரிக்கிறதுதான் பெரும்பாடு. கடப்பாரையால் நெம்பினால் ஆணியோரம் பலகை பிளந்துவிடும். பட்டறைகளில் படுக்கைவாட்டில் ஓடும் பேண்ட் சா ரம்பத்தைப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு, ஆணியையே அறுக்கிறார்கள். பலகை முழுசாக வரும். வீட்டில் இரும்பறுக்கும் பிளேடே போதும், நேரம்தான் பிடிக்கும். அறுபட்ட ஆணித்துண்டு மரத்துக்குள்ளேயே நிற்கும். இழைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்க. அந்த மரத்தூளை மட்டும் மாட்டுக்கொட்டிலில் பரப்பாதீங்க, இரும்புத்தூளும் கலந்திருக்கும்.