படகும் மூன்றாம் வகுப்பும்: சிக்கனமாக பாங்காக், அயுத்தயா

பாங்காக்கை எழுப்பிய செங்கற்களில் பல, அயுத்தயாவிலிருந்து வந்தவை. 1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்து அழித்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1782இல், முதலாம் ராமா மன்னர் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் புதுத் தலைநகர் கட்டத் தொடங்கியபோது, பழைய நகரின் மதில்களைப் பெயர்த்துப் படகில் ஏற்றி ஆற்றோடு கொண்டுவந்தார்கள். பாங்காக்குக்குப் போகிற நம்மவர்கள் பலர் அந்தச் செங்கல் வந்த ஊரை எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். ரயிலில் போனால் இரண்டு மணி நேரத் தொலைவுதான். முதுகில் ஒரு பையும் கையில் கொஞ்சம் பணமுமாகக் கிளம்புகிறவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களும் சேர்ந்ததுதான் முழுப் பயணம்.

தங்குவதற்கு முதுகுப்பைப் பயணிகள் தேடிப் போவது காவ் சான் சாலை. ஒரு காலத்தில் அரிசிக் கடைகள் நிறைந்த தெரு அது. 1980களில் அங்கே வெளிநாட்டு இளைஞர்களுக்கான மலிவு விடுதிகள் பெருகின. இன்றோ இரவெல்லாம் பாட்டும் கூச்சலும்தான். தூக்கம் வேண்டும் என்பவர்கள் சற்றுத் தள்ளியிருக்கும் சாம்சென் பக்கம் போவது நல்லது. ஒரே அறையில் பலர் படுக்கும் அடுக்குக் கட்டில் விடுதிகளில் ஓர் இரவுக்கு 300, 400 பாட்டுக்குப் படுக்கை கிடைக்கும். ஒரு பாட் என்பது இரண்டரை முதல் மூன்று ரூபாய் வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து நடந்தால் பிரா ஆதித் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 16 பாட் அளவில். அலுவலகம் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், புத்த பிக்குகள் எல்லோரும் ஏறுகிற படகு அது. அரண்மனையும் பெரிய கோயில்களும் ஆற்றங்கரையிலேயே இருப்பதால், டாக்சியில் போய் நெரிசலில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

அரண்மனை நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 500 பாட். சிக்கனப் பயணிக்கு இது பெரிய தொகைதான், ஆனாலும் கொடுக்கலாம். வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலின் சுற்று மண்டபச் சுவர்களில் 178 பகுதிகளாகத் தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் தீட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கதையில் அனுமன் பிரம்மச்சாரி அல்ல. சேதுவைக் கட்டவிடாமல் தடுக்க வந்த ராவணன் மகள், மீன்வால் கொண்ட சுவன்னமச்சா, அவன் மேல் காதல் கொள்கிறாள். கம்பனைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தச் சுவர்களை விட்டு எளிதில் நகர மாட்டார்கள்.

அரண்மனை வாசலில் ஓர் எச்சரிக்கை அவசியம். “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மலிவாக வேறு கோயில்களைக் காட்டுகிறேன்” என்று சொல்லி டுக்டுக்கில் ஏற்றி ரத்தினக் கடையில் கொண்டுபோய் இறக்குவது அங்கே பல காலமாக நடக்கும் ஏமாற்று. நேராக நுழைவாயில் வரை நடந்து போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருக்க வேண்டும்.

பக்கத்தில் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டுகிறது. ஆனால் அந்தக் கோயிலின் கல்வெட்டுகளையும் தவறவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் ராமா காலத்தில், மருத்துவமும் உடல் பிடித்துவிடும் முறைகளும் எல்லோரும் படிக்கும்படி கல்லில் பொறிக்கப்பட்டன.

பணமே செலவாகாமல் பார்க்கக்கூடிய ஒன்று, ஏறக்குறைய 21 மீட்டர் உயரச் சிவப்பு ஊஞ்சல் கம்பம். அருகிலேயே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தான் கோயில் இருக்கிறது. நம் மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் திரியம்பவாய் சடங்கில், திருவெம்பாவையிலிருந்தும் திருப்பாவையிலிருந்தும் வந்த பாடல்களை, உச்சரிப்பு மாறிப்போன நிலையிலும், ஓதிவருகிறார்கள். சடங்கின் பகுதியாக ஊஞ்சல் ஆடுவது 1935இல் நின்றுபோனது. ஓதுவது நிற்கவில்லை.

அயுத்தயா போக, 1916இல் திறக்கப்பட்ட ஹுவா லம்போங் நிலையத்துக்கு வர வேண்டும். விரைவு வண்டிகள் 2023 ஜனவரியில் வேறு நிலையத்துக்கு மாறிவிட்டன. சாதாரண வண்டிகள் இன்னும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மூன்றாம் வகுப்புக்கு 20 பாட் வைத்திருந்தால் போதும். முன்பதிவு கிடையாது. மின்விசிறி, திறந்த ஜன்னல், கோழி வறுவலும் சோறும் கூவி விற்றபடி நடப்பவர்கள். ஏசி வேனில் போகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

அயுத்தயா ஆறுகள் சூழ்ந்த தீவு. நிலையத்திலிருந்து நேரே நடந்தால் பா சாக் ஆறு. சில பாட் கொடுத்தால் படகு அக்கரை சேர்க்கும். சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் நாள் முழுக்கச் சுற்றலாம், தரை சமதளம். 1351 முதல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் இது. சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் எல்லோரும் இங்கே குடியிருந்து வணிகம் செய்தார்கள். யுனெஸ்கோ 1991இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வாட் மகாதாத்தில், அரச மர வேர்கள் சுற்றிப் பிடித்த புத்தர் தலைக்கு முன்னால்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அந்தத் தலையைவிட நம் தலை உயரக் கூடாது என்பதால் குந்தி உட்கார்ந்தே எடுக்க வேண்டும். தலையிழந்த சிலைகளின் மேல் தன் தலையை வைத்துப் படமெடுப்பது அங்கே வழிபடுகிறவர்களை அவமதிப்பது. அதைச் செய்யவே கூடாது.

கூட்டம் குறைவாக இருந்தாலும் இன்னும் ஆழமாகப் பேசும் இடம் வாட் ராட்சபுரானா. அரியணைக்காக அண்ணன்மார் இருவர் யானை மேலிருந்து போரிட்டு இருவருமே மாண்டுபோக, அரசனான தம்பி 1424இல் கட்டிய கோயில் இது. அதன் கருவறைக் கோபுரத்துக்கு அடியில் நிலவறை ஒன்று உண்டு. 1957இல் திருடர்கள் அதைத் தோண்டிப் பொன்னை அள்ளிக்கொண்டு போனார்கள். மீட்டதும் மிஞ்சியதும் அருகிலுள்ள சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: தங்க வாள், மணி பதித்த சிறு பொன் யானை. செங்குத்தான படிகளில் நிலவறைக்குள் இறங்கினால் மங்கிய சுவரோவியங்களைக் காணலாம். இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்தை விட்டுவிட்டால், அந்த நகரம் எவ்வளவு செல்வத்தோடு வாழ்ந்தது என்பது புரியாது.

பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் பாங்காக் திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், 1630இல் கட்டிய வாட் சைவத்தனாராம் கோபுரங்களை மாலை வெயிலில் பார்த்துவிட்டு ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டும். விடுதிகள் பாங்காக்கைவிட மலிவு. சாப்பாட்டுக்குப் படகு நூடுல்ஸ் உண்டு. மெல்லிய ரொட்டியில் சர்க்கரை நூலைச் சுருட்டித் தரும் ரோட்டி சாய் மாய் அந்த ஊர் முஸ்லிம்களின் கைப்பக்குவம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சைக்கிள் மிதிக்க ஏற்ற காலம். ஏப்ரலில் வெயில் வாட்டிவிடும். 2025 மே 1 முதல் தாய்லாந்து செல்லும் வெளிநாட்டவர் அனைவரும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசு தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் விலகிவிடுங்கள்.