எழுவாய் எங்கே?

மண்கும்பானில் எங்கள் வீட்டுப் படலையில் நின்றால், பண்ணைத் தாம்போதி கடந்து வேலணை வழியாகப் புங்குடுதீவு நோக்கிச் செல்லும் வீதி தெரியும். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வீதியிற் செய்தியாளர் வாகனங்கள் பல நாள் ஓடின. மே 13ஆம் நாள் பாடசாலைக்குச் சென்ற புங்குடுதீவு மாணவி ஒருத்தி கடத்தப்பட்டுக் கொடுமைக்காளாகிக் கொல்லப்பட்டாள். அவள் பெயரை யான் எழுதேன். உலகறிந்த பெயர்தான், ஆயினும் அதனை ஊர் வாயில் இட்டவர்கள் அவள் விடை பெற்றுக்கொண்டா இட்டார்கள்? உயிரற்ற அவள் உடலின் படத்தையும் கைக்குக் கை பரப்பினார்களே!

அந்நாளில் வகுப்பிலே ஒரு மாணவி, "ஐயா, 'மாணவி கற்பழிப்பு' என்பதில் எழுவாய் எது?" என்று வினவினாள். யான் திகைத்தேன். செய்தவன் அத்தொடரில் இல்லை. 'சீரழிக்கப்பட்டாள்' என்று செயப்பாட்டு வினையாக்கினும் துன்புற்றவளே எழுவாயாகிறாள்; கொடியவன் மறைந்துகொள்கிறான்.

'கற்பு' என்பது 'கல்' என்னும் அடியாகப் பிறந்த சொல். தொல்காப்பியம் கற்பியல் என ஓரியல் வகுத்து மணவாழ்க்கையின் ஒழுகலாற்றை அதன்கண் பேசுகின்றது. கற்றொழுகும் பண்பைப் பிறனொருவன் வன்முறையால் எங்ஙனம் அழித்தல் கூடும்? அழிந்தது அவனுடைய மனிதத்தன்மையன்றோ? 'பாலியல் வன்கொடுமை' என்று இன்று பலர் எழுதுவது நன்று. அச்சொல் கொடுமையைக் கொடுமை என்றே கூறுகின்றது.

எழுவாயை மறைத்தல் ஒரு பிழை. ஆராயாது அமைத்தல் மற்றொரு பிழை. மே 20ஆம் நாள் சினங்கொண்ட மக்கள் யாழ்ப்பாண நீதிமன்றத்தின்மீது கல்லெறிந்தனர். நூற்றுவர்க்கு மேற்பட்டோர் கைதாயினர். பிடிபட்டோர் அனைவரையும் தூக்கிலிடல் வேண்டுமென ஆசிரியர் அறையில் உரத்துக் கூறியவருள் யானும் ஒருவன். 2017 செப்டெம்பர் 27இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று எழுவர்க்கு மரண தண்டனை விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பதின்மருள் இருவரை விடுதலை செய்தது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் கதையை ஆண்டுதோறும் கற்பிக்கும் என் நா, அவ்விருவர்க்கும் தீர்ப்புக்கு முன்பே தீர்ப்புக் கூறிவிட்டது!

காவலர் கடமையை ஆராய்வதும் எழுதுகோலின் கடனே. மகளைக் காணாது முறையிடச் சென்றபோது, அவள் யாருடனாவது சென்றிருப்பாள் என்ற ஏளனமே கிடைத்ததாகக் குடும்பத்தார் கூறினர். சந்தேகநபர் ஒருவர் தப்பிச் செல்ல உதவிய குற்றத்திற்காக முன்னாள் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மாஅதிபர் ஒருவர்க்கு 2025 பெப்ரவரியில் வவுனியா மேல் நீதிமன்றம் 4 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்தது! அதுகாறும் அவ்வினாவை விடாது கேட்டவர் எத்துணைப் பேர்?

செய்தி எழுதப் புகும் மாணவர்காள்! செய்தவனை மறையாதீர்; மன்று தீர்க்குமுன் சந்தேகநபரைக் குற்றவாளி என்னாதீர். துன்புற்றார் பெயரை எழுதுமுன் அவர்தம் தாயின் முகத்தை ஒருகால் நினைமின். என் மாணவியின் வினாவுக்கு யான் அன்று விடை கூறவில்லை. காலந்தாழ்த்தேனும் இன்று கூறினேன்.