நாற்று விடும் நாள்

நாற்று விடுவதே நடவின் முதல் வேலை என்பது பலரது எண்ணம். தக்கைப்பூண்டு விதைப்போருக்கு அஃது அவ்வாறன்று. பூண்டு மடக்கி உழும் பருவத்தை எய்த 45 நாட்கள், மக்க 10, மறு உழவுக்கும் பரம்படிப்புக்கும் 4, ஆக 59. ஒன்று முடிந்தாலன்றி அடுத்தது தொடங்காதாகையால், இவ்வரிசையில் ஒரு நாள் தாமதித்தால் நடவும் ஒரு நாள் பிந்தும். வரப்புச் செதுக்கலோ இடையில் என்றைக்காயினும் ஆகலாம்.

மத்திய கால நெல் நாற்றுக்கு 25 நாட்களே போதும். ஆதலின் பூண்டு விதைத்தபின் 34 நாட்கள் பொறுத்தே நாற்று விடலாம், பொறுப்பதே நன்று. இவ்வவகாசம் விதை நெல்லை ஊறவைக்கும் வரையில்தான். தண்ணீர் வந்துவிட்டதென்று இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால், வயல் ஆயத்தமாகும்போது நாற்று முற்றிக் கணு விட்டிருக்கும். நட்டபின் அதிகம் தூர் கட்டாது. ஏரி மதகு திறக்கும் நாளைக் கிராம அதிகாரிகள் முன்னதாகவே தெரிவித்தல் இதற்குப் பேருதவியாகும்.