வட அந்தமானில் தூண்டில் விடுமுறை

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மொரப்பூர்ப் பக்கத்துத் தூண்டில்காரர்களின் கை, ஒகேனக்கல் காவிரியிலும் ஏரிகளிலும் பழகியது. அவர்களுக்கு ஆழ்கடல் மீன் மேல் ஆசை வந்தால், நாட்டுக்குள்ளேயே போகத் தகுந்த இடம் அந்தமான். அதன் வடகோடியான டிக்லிபூர் வரை போக நினைப்பவர்கள் விமான டிக்கெட்டைக் கடைசியில் எடுப்பது நல்லது. முதலில் முடிவாக வேண்டியவை நாளும் படகும்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே தீவுகளை எட்டிவிடும். கடல் ஓரளவு அடங்கியிருப்பது டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. அதற்குள்ளும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிது. கடலடித் திட்டுகளைச் சுற்றி நீரோட்டம் வேகமெடுக்கும். சின்ன மீன்கள் அதில் தடுமாறும்போதுதான் ‘ஜயன்ட் ட்ரெவலி’ எனப்படும் பெரும்பாறை வேட்டைக்கு வரும். 50 கிலோவைத் தாண்டியும் வளரக்கூடிய மீன் அது.

அதைப் பிடிக்க உயிர் இரை தேவையில்லை. முகம் குழிந்த ‘பாப்பர்’ என்ற மரமீனை வீசி, கோலை வெட்டி வெட்டி இழுப்பார்கள். குழியில் நீர் அடைபட்டு ‘களக் களக்’ என்று தெறிக்கும். அந்தச் சத்தத்துக்கே மீன் பாயும். மணிக்கணக்கில் இப்படி வீசினால் ஏரித் தூண்டிலில் பழகிய தோள் நிச்சயம் வலிக்கும். சூரை, சீலா, களவா போன்றவையும் இங்கே உண்டு. கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டு, பிடித்த மீனைத் திரும்ப விடுவதே பெரும்பாலான விளையாட்டுப் படகுகளின் வழக்கம். கறிக்காகப் போகிறவர் இதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

மொரப்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் 5 மணி நேரம். அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கொக்கிகளைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். இறங்குமிடமான போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். தூண்டில் படகுகள் பெரும்பாலும் அங்கும் ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவிலும்தான் கிடைக்கும். டிக்லிபூருக்குப் போய்த் தேடிக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. உரிமம் பெற்ற படகை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

டிக்லிபூருக்குச் சாலை வழி ஏறக்குறைய 300 கி.மீ.; ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஜாராவா பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் கடக்கும் இடத்தில் வாகனங்கள் குறித்த நேரத்தில், பாதுகாப்புடன், வரிசையாகத்தான் போகலாம். அங்கே நிறுத்துவதும் படமெடுப்பதும் குற்றம். டிக்லிபூரின் துறைமுகம் ஏரியல் பே. ராஸ், ஸ்மித் தீவுகளுக்குப் படகு புறப்படுவதும் அங்கிருந்துதான். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் தூண்டில் போடக் கூடாது. வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே கூடாது; 2006இல் அங்கே கரையோரம் ஒதுங்கிய இரண்டு மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். ராட்சதக் களவா வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். பவளத்துண்டைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனால் சோதனையில் மாட்டிக்கொள்ள நேரும்.

காற்று கிளம்பினால் படகு போகாது, சாலைப் பயணமும் தாமதமாகலாம். ஆகவே கடைசி மீன்பிடி நாளுக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு நாளாவது விட்டுவைக்க வேண்டும்.