டிக்ரி வாங்கியாச்சு, பணம் எப்போது வரும்?

புரோநோட்டு வழக்கில் ஜெயித்தவர்கள் பலர், பணத்தைக் கோர்ட்டே வாங்கிக் கொடுத்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். எதிராளி தானாகக் கட்டாவிட்டால், ஜெயித்தவர்தான் மறுபடி வக்கீலைப் பிடித்து நிறைவேற்று மனு போட வேண்டும். கோர்ட் வாசலில் அதற்கு ‘இ.பி.’ என்று பெயர். இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் டிக்ரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, நாடு முழுக்கத் தேங்கிக் கிடந்த இ.பி.க்கள் 8.8 லட்சத்துக்கும் மேல்.

எதை ஜப்தி செய்வது என்று சொல்ல வேண்டியவரும் ஜெயித்தவரே. கடனாளிக்கு மனை உண்டா என்று வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, எந்த வங்கியில் கணக்கு, எங்கே வேலை என்று விசாரிப்பது எல்லாம் அவர் தலையில்தான். சிறுவழக்கு நீதிமன்றத்தில் வாங்கிய டிக்ரி என்றால் இன்னொரு சிக்கல்: அந்தக் கோர்ட்டால் வீட்டையோ நிலத்தையோ தொட முடியாது. டிக்ரியை வேறு சிவில் கோர்ட்டுக்கு மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

கடனாளி சம்பளக்காரர் என்றால் வழி சற்று நேரானது. ஜப்திக்கு உட்பட்ட சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. 31,000 என்றால் மாதம் 10,000 வரை பிடிக்கலாம். ஆனால் மொத்தம் 24 மாதம்தான். அதற்குமேல் அதே டிக்ரிக்காக அந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தாலி, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றையும் அமீனா எடுக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பு அவசியம். கடன்பட்டவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

இருந்தும் கொடுக்காதவர்தான் பிரச்சினை. வழக்கு நடக்கும்போதே வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு, ‘என்னிடம் ஒன்றுமில்லை’ என்பார். ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுவேன்’ என்று மிரட்டுவதும் உண்டு. அவரைச் சிவில் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் வெறும் இயலாமைக்காக யாரையும் சிறையில் வைக்கக் கூடாது, வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும் என 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. அது நியாயமான தீர்ப்பு. சிறையில் அவருடைய சாப்பாட்டுப் படியையும் கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

ஜப்தி, கைது இரண்டையும்விட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 41-ஆம் விதி பெரிய ஆயுதம் என்பேன். கடனாளி தன் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி கோர்ட்டைக் கேட்கலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. 2021-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: பண வழக்குகளில் எழுவினாக்கள், அதாவது கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள், வனைவதற்கு முன்பே பிரதிவாதியிடம் சொத்து விவரம் கேட்கலாம், இ.பி.க்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றது. ‘கேட்கலாம்’ என்பதை ‘கேட்டே ஆக வேண்டும்’ என்று மாற்றினால்தான் சின்னத் தொகை கடன் கொடுத்தவர்களுக்கு விடிவு. அதுவரை, வழக்குத் தொடங்கும்போதே சொத்து விவரம் கேட்டு மனுப் போடும்படி உங்கள் வக்கீலை வற்புறுத்துங்கள். சொத்தைக் கைமாற்றப் போகிறார் என்று ஆதாரம் இருந்தால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியும் கேளுங்கள்.

டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் உண்டு. இன்று வெறுங்கையோடு நிற்பவருக்கு நாளை பாகம் பிரிந்து நிலம் வரலாம். வருடம் ஒரு முறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.