பேட்டியின் மதிப்பெண்ணை எந்த அளவு நம்பலாம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானைச் சோறு முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில் வெந்ததாதலின் அம்முறை பொருந்தும். மருத்துவம் பயில விரும்பும் இளைஞர் ஒருவரை ஒரே பேட்டியைக் கொண்டு தகுதியற்றவர் என ஒதுக்குவதும் அவ்வாறே பொருந்துமா?

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்று, டெக்சஸ் மாநிலச் சட்டசபை விதித்தபடி மேலும் 50 மாணவரைச் சேர்க்க நேர்ந்தது. பேட்டிக்குப் பின் முதலில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இவ்விடங்கள் கிடைத்தன. படிப்பிலும், பின்னர் மருத்துவமனைப் பயிற்சியிலும் இவர்கள் ஏனையோருக்குக் குறைந்தவர்களாக இல்லை என்று 1987இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஒரே கூட்டத்தினரை வேறு தேர்வாளர்கள் வேறு நாளில் பேட்டி கண்டாலும், வரிசை ஏறத்தாழ மாறாதிருக்க வேண்டும். இப்பண்பையே நம்பகத் தன்மை என்கிறோம். இது 0 முதல் 1 வரையுள்ள எண்ணால் குறிக்கப்படும். மதிப்பெண் வேறுபாடு முற்றிலும் தற்செயலானதாயின் 0. தற்செயல் சிறிதும் கலவாததாயின் 1.

எல்லோருக்கும் ஒரே வினா, ஒரே கால அளவு, முன்னரே எழுதிய மதிப்பீட்டுக் குறிப்பு என்று வரையறுத்துக்கொண்டால், தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறையும். ஆயினும் ஒரு குறை எஞ்சும். ஒரு பொருளைப் பற்றித் தெளிவாகப் பேசுபவர் மற்றொன்றில் தடுமாறலாம்.

இக்குறையை நீக்க, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக் கழகத்தார் வகுத்த முறை 2004இல் வெளியாயிற்று. விண்ணப்பதாரர் 10 நிலையங்களுக்கு வரிசையாகச் செல்வர். ஒவ்வொன்றிலும் 8 நிமிடப் பேட்டி. இடையே அடுத்த வினாவைப் படிக்க 2 நிமிடம். நிலையந்தோறும் வேறு வினா, வேறு தேர்வாளர். 117 பேரிடம் சோதித்தபோது நம்பகத் தன்மை 0.65 எனக் கண்டனர்.

1910இல் ஸ்பியர்மனும் பிரவுனும் தனித்தனியே வெளியிட்ட சூத்திரம் இதன் காரணத்தை விளக்கும். ஒரு பேட்டியின் நம்பகத் தன்மை 0.20 எனக் கொள்வோம். அத்தகைய 5 பேட்டிகளைச் சேர்த்தால் அது 0.56 ஆகும்; 10 ஆயின் 0.71, 20 ஆயின் 0.83. தொடக்கத்தில் ஏற்றம் மிகுதி, பின்னர் குறைவு.

வயலின் மண்ணைச் சோதிக்க ஓரிடத்தில் பத்துப் பிடி அள்ளுவதைவிட, பத்து இடங்களில் ஒவ்வொரு பிடி அள்ளுவதே சரியென்பதைக் களப்பணியாளர் அறிவர். அதுபோலவே, ஒரே அறையில் ஐவர் கூடியிருந்து வினவுவதைவிட, அவ்வைவரும் தனித்தனியே வெவ்வேறு பொருளில் வினவுவது மேல்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை இன்று நீட் எழுத்துத் தேர்வைக் கொண்டே நடைபெறுகிறது. எனினும், பயிற்சி வகுப்புகளுக்கு ஆள் தேர்கையில் ஆசிரியரும் களப்பணியாளரும் பேட்டி காண நேர்வதுண்டு. அப்போது வினாக்களை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். தேர்வாளர்கள் கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் இடுதல் வேண்டும்.

நம்பகத் தன்மை ஒன்றே போதாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எப்போதும் அரைக் கிலோ கூட்டிக் காட்டும் தராசு மாறாத தராசேயாயினும் சரியான தராசன்று. தேர்ந்தெடுத்தவர் பின்னர் நோயாளியிடம் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதையும் தொடர்ந்து கவனித்தாலன்றி, நம் பேட்டி சரியானதை அளந்ததா என்பது விளங்காது.